மெலியச் சொன்னார்கள்

ஆகஸ்ட் 3

டாக்டர் ஒரு நோட்டுப் போடச் சொன்னார். என்ன தின்றேன், எவ்வளவு தூரம் நடந்தேன், எடை எவ்வளவு என்று தேதி போட்டு எழுத வேண்டுமாம். இதை எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? இருபத்திரண்டு வருஷப் போலீஸ் வேலையில் பதினொரு வருஷம் ஸ்டேஷன் ரைட்டர். புகார், வாக்குமூலம், பொது நாட்குறிப்பு எல்லாம் என் கையெழுத்துதான். ஏட்டு தவசிலிங்கம் எழுதினால் வக்கீல் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் ஓட்டை கிடைக்காது என்று பெரிய அதிகாரிகளே சொல்லியிருக்கிறார்கள்.

எடை 128. மிஷினில் ஏறி நின்றதும் நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பல்லைத் தட்டியிருப்பேன். அதற்குள் டாக்டர் உள்ளே வந்துவிட்டார்.

தின்றது: இட்லி பதினொன்று, வடை மூன்று. நடந்தது: ஆஸ்பத்திரி வாசலிலிருந்து ஆட்டோ வரை.

ஆகஸ்ட் 4

காலை ஐந்தரைக்குக் கண்மாய்க்கரை. கரை ஏறுவதற்குள்ளேயே மூச்சு இரைத்தது. ஒரு கிலோமீட்டர் நடப்பதாக உத்தேசம். இரண்டாவது மடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். தொடையும் தொடையும் உரசித் தோல் வழன்று வேட்டியில் ரத்தம். மாடு பத்திக்கொண்டு வந்த ஒருத்தி, “என்ன ஏட்டய்யா, யாரையும் தேடி வந்தியளா?” என்றாள். மூச்சு வாங்கியதில் பதில் சொல்ல முடியவில்லை. முடிந்திருந்தால் அவள் அழுதுகொண்டே போயிருப்பாள்.

தடவிக்கொள்ளப் பெண்டாட்டி சந்திரகலா தேங்காய் எண்ணெய் கொடுத்தாள். சிரிப்பை அடக்கியதில் அவள் உதடு லேசாக இழுத்த மாதிரி இருந்தது. முறைத்ததும் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 7

ஒன்றரை கி.மீ. முட்டி வீங்கிவிட்டது. தின்றதை எழுதப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 11

சர்க்கரை வியாதிக்காக மெலிகிறேன் என்று பெண்டாட்டியிடம் சொல்லியிருக்கிறேன். டாக்டரிடமும் அதுதான். இதை யார் படிக்கப் போகிறார்கள், நோட்டிலாவது சரியான காரணத்தை எழுதிவைக்கிறேன்.

போன பங்குனியில் வீரணன் என்று ஒரு கிணற்று மோட்டார் மெக்கானிக், வயது முப்பத்து நான்கு, எங்கள் ஸ்டேஷனில் செத்துப்போனான். தோட்டங்களில் மோட்டார் திருட்டுப் போன வழக்கில் விசாரிக்கக் கூட்டி வந்த ஆள். நாட்குறிப்பில் நான் எழுதியது இவ்வளவுதான்: ‘விசாரணையின்போது மேற்படி நபர் நெஞ்சு வலிப்பதாகக் கூறி மயங்கி விழுந்தார். முதலுதவி செய்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் வழியில் இறந்தார்.’ பிரேதப் பரிசோதனையில் விலா எலும்பு ஐந்து முறிந்திருந்தது. முதலுதவிக்கு நெஞ்சை அமுக்கியதில் முறிந்தது என்று அதற்கும் ஒரு வரி சேர்த்தேன்.

அவன் பெண்டாட்டி வேறு மாதிரி சொல்கிறாள். புருஷனுக்குச் சோறு கொண்டு வந்தவளை உள்ளே விடவில்லையாம். பின்பக்கம் சுற்றிப் போய் ஜன்னல் வழியாகப் பார்த்தாளாம். ரொம்பக் குண்டான போலீஸ்காரர் ஒருவர் அவன் நெஞ்சின் மேல் உட்கார்ந்திருந்தாராம். முகம் தெரியவில்லை, முதுகுதான் தெரிந்ததாம். பிப்ரவரி ஆறாம் தேதி மாஜிஸ்ட்ரேட் விசாரணை. அன்று ஸ்டேஷன் ஆட்களையெல்லாம் வரிசையாக நிறுத்துவார்கள். அவள் ஆளைக் காட்ட வேண்டும்.

ஜூலைக் கடைசியில் இன்ஸ்பெக்டர் குணாளன் வீட்டுக்கே வந்தார். காபி குடித்துவிட்டுச் சொன்னார்: “தவசி, ஆறு மாசம் மெடிக்கல் லீவைப் போடு. நடப்பியோ, ஓடுவியோ, பட்டினி கெடப்பியோ, நாப்பது கிலோ கொறையணும். அவ குண்டாளைத் தேடிக்கிட்டு வருவா. அன்னைக்கு நீ குண்டா இருக்கக் கூடாது.”

நான் எழுதியவன். கை வைத்தவன் நானில்லை. அதையும் இதில் எழுதிவைக்கிறேன்.

செப்டம்பர் 2

எடை 119. நான்கு கி.மீ. நிற்காமல்.

செப்டம்பர் 15

ஏழு கி.மீ. வந்ததும் அகோரப் பசி. கேப்பைக்கூழைப் பார்த்தாலே குமட்டுகிறது. அடுப்படியில் கோழி வறுபடும் வாசனை. அண்ணன் வீட்டுக்குக் கொடுத்துவிட வறுப்பதாகச் சந்திரகலா சொன்னாள். எனக்குக் கூழ், ஊருக்கு வறுவலா? சாப்பிடும்போது தட்டு கை தவறி மேற்படி சந்திரகலாவின் நெற்றியில் பட்டது. நான்கு தையல். ஆஸ்பத்திரியில் கதவு இடித்துவிட்டது என்று சொன்னாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளாகவேதான் சொன்னாள்.

அக்டோபர் 6

எடை 109. இன்று பக்கத்து ஊர் வரை போய்த் திரும்பி வந்தேன். பதினாறு கி.மீ. நம்ப முடியவில்லை. பெல்ட்டில் ஆணி வைத்து மூன்று புது ஓட்டை போட்டாகிவிட்டது. எட்டாவது கிலோமீட்டருக்கு மேல் கால் தானாகப் போகிறது. மூளையில் ஒன்றுமே ஓடுவதில்லை. ஒரு முகமும் வருவதில்லை. நான் சந்தோஷமாக இருக்கிறேன் என்று தோன்றியது. கடைசியாக எப்போது அப்படித் தோன்றியது என்று யோசித்தேன், ஞாபகம் இல்லை.

அக்டோபர் 20

பைக்கில் வந்த ஒருவன் காதுக்குப் பக்கத்தில் ஹாரன் அடித்து, “யான, ஓரமாப் போ!” என்று கத்திவிட்டுப் போனான். அவன் கெட்ட நேரம், அடுத்த வளைவில் டீ குடிக்க நிறுத்தியிருந்தான். சட்டையைப் பிடித்து இழுத்து ரோட்டில் சாய்த்தேன். முன்பல் ஒன்று போய்விட்டது. அவன் மல்லாந்து கிடந்ததும் என் கால்கள் தானாக அகண்டு அவனுக்கு இரண்டு பக்கமும் வந்து நின்றன. உடனே விலகி நடந்துவிட்டேன். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

வீடு வரை நிற்காமல் ஓட்டமாக வந்தேன். பசியால் இருக்கும்.

நவம்பர் 23

எடை 100. இன்ஸ்பெக்டர் என்னைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். “அடேயப்பா, யாரோ சின்னப்பய மாதிரி இருக்கியேய்யா!” என்று முதுகில் தட்டினார். அப்புறம்தான் முழுத் திட்டத்தையும் சொன்னார்.

டிரைவர் உக்கிரபாண்டியையும் வரிசையில் நிறுத்தப் போகிறார்களாம். அவன் நூற்றுப் பத்துக் கிலோ இருப்பான். முதுகும் என் பழைய முதுகு மாதிரியேதான். “அவ நேரா போயி அவனைத்தான் காட்டுவா. வீரணன் செத்த அன்னைக்கு இவன் திருவிழா பந்தோபஸ்துக்கு அறுபது கிலோமீட்டர் தள்ளிப் போயிருந்தான். கையெழுத்து இருக்கு, போட்டோ இருக்கு. அவ சொன்னது பூராம் பொய்யின்னு ஆயிரும். கேஸ் அதோட முடிஞ்சுது.”

எனக்கே இப்படி ஒரு யோசனை வந்திருக்காது. இருபத்திரண்டு வருஷத்தில் நான் பார்த்த மூளைகளில் இதுதான் பெரியது.

தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போய்வரச் சொன்னார். மாலை போட்டால் தாடி வளரும், நடையில் இன்னும் எட்டுப் பத்துக் குறையும், சாமிக்கு நடந்த ஆள் என்று மாஜிஸ்ட்ரேட்டும் ஒரு மரியாதையோடு பார்ப்பார்.

டிசம்பர் 17

மார்கழி ஒன்று. மாலை போட்டுக்கொண்டேன். பச்சை வேட்டி, பச்சைத் துண்டு. டீக்கடை ஆதிமூலம்தான் குருசாமி. கட்டுப்பாடுகளை வரிசையாகச் சொன்னார்: கறி இல்லை, செருப்பு இல்லை, யாரையும் திட்டக் கூடாது, கை நீட்டவே கூடாது. மாலை போட்டவர்கள் ஆணோ பெண்ணோ ஒருவரையொருவர் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். என்ன ஆத்திரம் வந்தாலும் வாயிலிருந்து சாமிதான் வர வேண்டும்.

சந்திரகலாவும் என்னைச் சாமி என்கிறாள். “சாமி, வெந்நி வெச்சிருக்கேன்.” பதினேழு வருஷத்தில் அவள் குரல் இவ்வளவு தெளிவாக என் காதில் விழுந்ததில்லை.

ஜனவரி 8

எடை 92. வெறுங்காலில் இருபது கி.மீ. சந்திரகலா இன்று பாட்டு முணுமுணுத்துக்கொண்டே துணி துவைத்தாள். மாலையை எப்போது கழற்றுவீர்கள் என்று கேட்டாள். இருபத்தைந்தாம் தேதி என்றேன். பாட்டை நிறுத்திவிட்டாள்.

ஜனவரி 19

கிளம்பிவிட்டோம். முப்பத்தெட்டுப் பேர். அரிசி, பாத்திரம் எல்லாம் பின்னால் மினி லாரியில். முதல் நாள் இருபத்திரண்டு கி.மீ. நத்தம் ரோட்டில் பதினொரு மணிக்கே தார் கொதிக்கிறது. வெள்ளைக்கோட்டின் மேல் கால் வைத்தால் சூடு கொஞ்சம் குறைவு என்பது நடந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

குழுவில் வெளியூர்க்காரர்கள் ஆறு பேர். அதில் ஒரு பெண், சின்னதாக ஒரு சர்க்கரைக் காவடி எடுத்து வருகிறாள். வேகமாக நடக்கிறாள். பேச்சுக் குறைவு. அவளைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஜனவரி 20

இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம். தேர்முட்டி பக்கத்தில் உட்கார்ந்து பிதுக்கப் போனேன். “பிதுக்காதீங்க சாமி, புண்ணாயிரும்” என்று அந்தப் பெண்ணே வந்தாள். ஊசியில் நூல் கோத்து, கொப்புளத்தின் ஒரு பக்கம் குத்தி மறுபக்கம் எடுத்து, நூலை உள்ளேயே விட்டு நறுக்கினாள். நீர் நூல் வழியாக வடிந்து போகுமாம். என் பாதத்தை மடியில் தூக்கி வைத்துக்கொண்டுதான் செய்தாள்.

“காவடி என்ன வேண்டுதல் சாமி?” என்று நான்தான் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

“எங்க வீட்டுக்காரரைப் போலீஸ் டேசன்ல வெச்சுக் கொன்னுட்டாங்க சாமி. கொன்ன ஆளு மூஞ்சி தெரியாது. அடுத்த மாசம் கோர்ட்டுல போயி ஆளைக் காட்டணும். தப்பான ஆளைக் காட்டிட்டேன்னா எல்லாம் போச்சு. சரியான ஆளை முருகன்தான் எனக்குக் காட்டணும்.”

சரி, எழுதிவிடுகிறேன். அவள் பெயர் பஞ்சவர்ணம். வீரணன் பெண்டாட்டி. நேற்றுக் காலையே, அவள் காவடியைத் தோளில் தூக்கியபோதே தெரிந்துவிட்டது. வழக்குக் கட்டில் அவள் போட்டோவை ஒட்டியவன் நான்.

அவளுக்கு என்னைத் தெரியவில்லை. மெலிந்ததற்குப் பலன் கண்கூடாகத் தெரிகிறது. சந்தோஷப்பட வேண்டும். கால் முழுக்க எரிகிறது.

ஜனவரி 22

திண்டுக்கல் தாண்டி ஒரு அன்னதானப் பந்தல். காலை ஒன்பது மணி. ஆதிமூலத்தின் போனைக் காணோம். பந்தலில் எச்சில் இலை எடுக்கிற ஒரு ஆளை, நாற்பது வயது இருக்கும், நம் ஆட்கள் பிடித்துவிட்டார்கள். நான் எடுக்கலை என்றான். ஒருவர் கன்னத்தில் விட்டார், இன்னொருவர் காலை வாரினார். இப்படி அடித்தால் ஒரு நாளும் உண்மை வராது. அடிக்கத் தெரியாதவர்கள் அடிப்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை.

விலக்கிவிட்டுப் போனேன். இடது முட்டியை அவன் வலது தோளில் வைத்து மல்லாக்கச் சாய்த்தேன். நெஞ்சில் உட்கார்ந்தேன். உள்ளங்கையால் வாயை மூடினேன். எடையை மொத்தமாக இறக்கக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக, அவன் மூச்சை வெளியே விட விட இறக்க வேண்டும். விட்ட மூச்சை அவன் திரும்ப இழுக்க முடியாது. ஆதிமூலம், “சாமி, மாலை போட்டிருக்கோம் சாமி, எந்திரிங்க!” என்று கத்தியது எங்கேயோ கேட்டது. அவன் கண் மேலே போனது. குதிகால் இரண்டும் மண்ணைத் தோண்டின.

“எந்திரிங்க சாமி. செத்துருவான்.”

சத்தமே போடாமல் சொன்ன அந்தக் குரல்தான் காதில் ஏறியது. எழுந்தேன். எனக்கு நேர் பின்னால் பஞ்சவர்ணம் நின்றிருந்தாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் திரும்பிய பிறகும் முதுகு இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதே மாதிரிதான்” என்றாள். “இதே மாதிரி எடது முட்டியை வெச்சு.”

அந்த ஆள் புரண்டு படுத்து வாந்தி எடுத்தான். போன் மினி லாரியில் அரிசி மூட்டைக்கு இடையில் கிடந்தது.

ஜனவரி 23

ஓடிவிடலாம். மணிக்கு நான்கு பஸ் போகிறது. ஏன் ஏறவில்லை என்று எனக்கே தெரியவில்லை.

அவள் பத்தடி முன்னால் நடந்தாள். மதியம் பக்கத்தில் போய், “சாமி, ஒரு வார்த்தை” என்றேன். திரும்பாமலேயே பதில் சொன்னாள்: “மாலை போட்டிருக்கேன். இந்த வாயால உங்களைச் சாமின்னுதான் கூப்பிட்டாகணும். கழட்டிட்டுப் பேசுறேன்.”

இரவுச் சோற்றுக்கு வரிசையில் உட்கார்ந்தபோது பரிமாறும் முறை அவளுக்கு. என் இலைக்கும் வந்தாள். “இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க சாமி” என்றாள். கரண்டி சரிந்தது. சாம்பார் என் கையில் கொட்டியது. சூடு. வாயைத் திறக்கவில்லை.

ஜனவரி 24

காலையில் இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். வாய்க்கு வந்தபடி திட்டினார். அப்புறம் அன்பான குரலில், “தவசி, அந்த ரோட்டுல லாரி நெறையப் போகுமே” என்றார்.

“போகும்யா.”

“பாதயாத்திரை போறவுக அடிபட்டுச் சாகுறது வருசா வருசம் நடக்குறதுதான். நீ ரைட்டரு. எப்படி எழுதணும்னு உனக்குத் தெரியாததா?”

ஒட்டன்சத்திரம் தாண்டி ரோடு அகலம். காற்றாலை இறக்கை ஏற்றிய லாரி, மணல் லாரி, பால் வண்டி என்று வந்துகொண்டே இருக்கும். நாங்கள் இடது ஓரம். அவள் காவடியோடு வெள்ளைக்கோட்டின் மேல் நடந்தாள். நான் அவளுக்கு நேர் பின்னால் நடந்தேன். ஒரு கை தூரம். பதினொரு லாரி எண்ணினேன். அவள் முதுகெலும்பு சட்டைக்குள் தெரிகிறது, நாற்பத்தைந்து கிலோகூட இருக்க மாட்டாள். தோளைத் தொட்டாலே போதும். யாரும் பார்க்க மாட்டார்கள், பார்த்தாலும் கூட்டத்தில் இடித்தது என்பார்கள். முதல் வரிகூட மனசுக்குள் வந்துவிட்டது: ‘மேற்படி பெண் நிலைதடுமாறி.’

பன்னிரண்டாவது லாரிக்கு என் கை உயர்ந்திருந்தது. அதை என் கண்ணால் பார்த்தேன். அடுத்தவன் கையைப் பார்ப்பதுபோல் இருந்தது. எனக்கு என் மேலேயே பயம் வந்தது. வாழ்க்கையில் முதல் தடவை.

அப்புறம் சாயங்காலம் வரைக்கும் அவளுக்கு வலப்பக்கம் நடந்தேன், லாரி வருகிற பக்கம்.

“ஏன் இந்தப் பக்கம் வர்றீங்க சாமி?”

“சும்மாதான் சாமி.”

அவள் என் கையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

ஜனவரி 25

பழனி. ஒன்பது மணி நேரம் வரிசை. சாமி பார்த்தோம். நான் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

கீழே இறங்கியதும் குருசாமி ஒவ்வொருவராக மாலையைக் கழற்றினார். பஞ்சவர்ணம் என் முன்னால் வந்து நின்றாள். எனக்கும் கழற்றி முடியும் வரை பொறுமையாக நின்றாள். பிறகு அடித்தாள். கன்னத்தில், வாயில், மூக்கில். நின்ற இடத்திலிருந்து எட்டவில்லை என்று எம்பி எம்பி அடித்தாள். “நாயே, நாயே” என்ற ஒரே வார்த்தைதான். மூக்கிலிருந்து ரத்தம் வழிந்து தாடியில் இறங்கியது. ஆட்கள் இழுக்க வந்தார்கள். விடுங்கள் என்று கை காட்டினேன். அவள் கைதான் முதலில் ஓய்ந்தது. அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

“ஒண்ணே ஒண்ணு சொல்லு. சாகுறப்ப என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லலை.”

பொய். மூன்று தடவை சொன்னான்.

ஜனவரி 28

சட்டை மாட்டக் கையைத் தூக்கினேன். சந்திரகலா இரண்டு கையாலும் முகத்தை மறைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டிவிட்டாள். நெற்றித் தழும்பு விரலுக்கு இடையில் தெரிந்தது. “அடிக்கலை, சட்டை மாட்டுறேன்” என்றேன். சரிங்க என்றாள். முகத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

தட்டு கை தவறவில்லை. எறிந்தேன்.

பிப்ரவரி 5

நாளை. எடை பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டர் நான்கு தடவை கூப்பிட்டார், எடுக்கவில்லை.

பிப்ரவரி 6

இப்படி ஒரு நோட்டு இருக்கிறது என்று நானே சொன்னேன், மாஜிஸ்ட்ரேட் கேட்டிருக்கிறார். கொடுப்பதற்கு முன் இன்றையதை எழுதி முடிக்க அரை மணி நேரம் கேட்டு வாங்கியிருக்கிறேன். வாசலில் இரண்டு பேர் காவல். இரண்டு பேரும் நான் வேலை பழக்கியவர்கள். என் பக்கம் பார்க்கவே மாட்டேன் என்கிறார்கள்.

ஒன்பது பேரை வரிசையாக நிறுத்தினார்கள். நடுவில் உக்கிரபாண்டி, சட்டை பிதுங்கி, வேர்த்து வடிந்துகொண்டு நின்றான். அவனுக்குத் திட்டம் தெரியும் போலிருக்கிறது. பஞ்சவர்ணம் வந்தாள். உக்கிரபாண்டியைத் தாண்டி என் முன்னால் நின்று விரலை நீட்டினாள். இன்ஸ்பெக்டரின் வக்கீல் எழுந்து, “ரொம்பக் குண்டான ஆள் என்று வாக்குமூலம் கொடுத்திருக்கிறார், இவர் மெலிந்த ஆள், சாட்சி யாரையோ காட்டுகிறார்” என்றார். “ஒடம்பத்தான்யா கொறச்சிருக்காரு” என்றாள் அவள். வக்கீல் சிரித்தார். இன்ஸ்பெக்டரும் சிரித்தார். அவள் சுற்றிலும் பார்த்தாள். ஒருத்தரும் நம்பவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“நான்தான்யா” என்றேன்.

வக்கீல் குறுக்கே வந்தார். மாஜிஸ்ட்ரேட் அவரை உட்காரச் சொல்லிவிட்டு என்னைப் பேசச் சொன்னார். பேசினேன். அதையே இங்கேயும் எழுதுகிறேன்.

வாய் திறக்காத ஆளாக இருந்தால் இன்ஸ்பெக்டர், “ரைட்டரைக் கூப்பிடு” என்பார். லத்தி அடித்தால் தடம் விழும். நான் உட்கார்ந்தால் தடம் விழாது. ஆறு வருஷம் அதுதான் ஏற்பாடு. பேனாவை மூடி வைத்துவிட்டுப் போவேன், வேலை முடிந்ததும் வந்து எழுதுவேன். பதினேழு பேர் வரை ஞாபகம் இருக்கிறது. எல்லோரும் பேசினார்கள், எல்லோரும் பிழைத்தார்கள். வீரணன் பதினெட்டாவது. மத்தியானம் இரண்டு மணிக்கு உட்கார்ந்தேன். நூற்று இருபத்தாறு கிலோ இருந்தேன். இன்ஸ்பெக்டர் நாற்காலியில் இருந்தார். எத்தனை நிமிஷம் என்று தெரியாது. விலா முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. எழுந்திருக்கவில்லை. உண்மை வரப்போகிறது என்று நினைத்தேன்.

மாஜிஸ்ட்ரேட் எழுதிக்கொண்டே இருந்தார். பஞ்சவர்ணம் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது அவள் பழனியில் கேட்டதையே மறுபடியும் கேட்டாள். கேள்வி கேட்க உனக்கு அனுமதி இல்லை என்றார் வக்கீல். மாஜிஸ்ட்ரேட் என்னைப் பார்த்தார். சொல்லலாம் என்பதுபோல் தலையை ஆட்டினார்.

அவளிடம் சொன்னேன்.

“வாயிலிருந்து கையை எடுத்தப்ப சொன்னாரும்மா. ‘அய்யா, தெக்குத் தோட்டத்துக் கெணத்துல புதுக் காயில் கட்டுன மோட்டாரைப் போட்டுவிட்டுப் பாத்துக்கிட்டு இருந்தேன், அப்பத்தான் ஜீப்புல ஏத்திட்டாங்க. இந்நேரம் தண்ணி வத்தியிருக்கும். யாரையாச்சும் போயி நிறுத்தச் சொல்லுங்க, தண்ணியில்லாம ஓடுனா காயில் வெந்துரும்’னாரு. மோட்டார் திருடன் மோட்டாருக்கு அழுகுறான்னு இன்ஸ்பெக்டர் சிரிச்சாரு. உங்க வீட்டுக்காரரு எங்களைக் கேலி பண்றாருன்னு நெனச்சு நான் திரும்ப அழுத்தினேன். மூணு தடவை விட்டுக் கேட்டேன். மூணு தடவையும் அதையேதான் சொன்னாரு. வேற ஒண்ணும் சொல்லலை.”

அவள் அழவில்லை. கம்பியை விட்டுவிட்டாள். அடிக்க வருவாள் என்று நினைத்தேன், வரட்டும் என்று நின்றேன்.

“அந்த மோட்டார் அன்னைக்கு எரிஞ்சுதான் போச்சு” என்றாள். “வேலை தெரியாதவன் கட்டுன காயிலுன்னு ஊரே அவரை ஏசுச்சு. கருமாதிக்கு வந்தவுக கூட அதைத்தான் பேசுனாங்க. நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்.”